மதிப்பெண் விதியும் ஃபிகர் ஸ்கேட்டரின் உடலும்

கத்தி பூட்டிய காலணியுடன் பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கியும் தாவியும் சுழன்றும் ஆடப்படும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், தசை வலிமைக்கும் உடல் வளைவுக்குமான பயிற்சியின் பெரும்பகுதி இன்று பனியைத் தொடாமல் தரையிலேயே நடைபெறுகிறது. இந்தத் தரைப்பயிற்சியின் வளர்ச்சியை, நடுவர்கள் எதற்கு மதிப்பெண் அளித்தனர் என்பதிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இயலாது.

அதன் முதல் வேர் பாலே நடனம். 1860களில் வியன்னாவுக்கு வந்த அமெரிக்கரான ஜாக்சன் ஹெய்ன்ஸ், பாலே அசைவுகளைப் பனிக்குக் கொண்டுவந்து அந்நகரத்தாரைக் கவர்ந்தார். 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்களை வென்ற நார்வேயின் சோன்யா ஹெனியும் பாலே பயின்றவரே. ஆயினும் பாலே அன்று அழகூட்டும் துணையாக இருந்ததேயன்றி, பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆற்றலாக இருக்கவில்லை.

பட்டத்தைத் தீர்மானித்தவை 'கட்டாய உருவங்கள்'. எட்டு வடிவத்தையும் அதன் வகைகளையும் ஒற்றைக் காலால் பனியில் வரைந்து, அதே கோட்டின் மீது பிசகாமல் மீண்டும் செல்ல வேண்டிய இத்தேர்வு, 1968 வரை மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காட்டைப் பெற்றிருந்தது. இதற்குத் தேவைப்பட்டது பனியின் மீது செலவிடும் நெடிய பொறுமையே. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில், இசைக்கு ஆடும் கட்டற்ற சறுக்கில் ஏழாம் இடமே பெற்ற ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா உருவங்களின் பலத்தால் தங்கம் வென்றார். அதே சறுக்கில் முதலிடம் பெற்ற அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்குக் கிடைத்தது வெண்கலம். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு இது விளங்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் உருவங்களின் பங்கு குறைந்துகொண்டே வந்து, 1990 ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியுடன் முடிவுற்றது.

அவற்றின் இடத்தைத் தாவல்கள் பிடித்தன. 1952இல் டிக் பட்டன் மும்முறைச் சுழல் தாவலையும், 1988இல் கர்ட் பிரௌனிங் நான்குமுறைச் சுழல் தாவலையும் முதன்முதலாகப் போட்டியில் நிகழ்த்தினர். வீரர் காற்றில் இருக்கும் காலம் ஒரு நொடிக்கும் குறைவு என்பதால், கைகளை மார்போடு இறுக்கி, வெளிநோக்கி இழுக்கும் விசையை எதிர்த்து நிற்க வயிறு, முதுகு, தோள் ஆகியவற்றின் தசைகள் வலுப்பெற வேண்டும். உடல் எடையைப் போல் பன்மடங்கு விசையை ஒற்றைக் காலில் தாங்கி இறங்கவும் வேண்டும். விறைப்பான காலணி கணுக்காலின் அசைவைக் கட்டுப்படுத்துவதால், அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறுகிறது. ஆகவேதான் கயிறு தாண்டுதல், குந்திக் குதித்தல், எடை தூக்குதல், தரையிலேயே தாவிச் சுழன்று பார்த்தல் ஆகியவை இன்றியமையாதனவாயின.

உடல் வளைவின் மதிப்பு பின்னரே உயர்ந்தது. காலைப் பின்புறமாகத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தியைக் கைகளால் பற்றிச் சுழலும் நிலை, 1981இன் உலக வெற்றியாளரான சுவிட்சர்லாந்தின் டெனிஸ் பீல்மன் பெயரால் வழங்குகிறது. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கின் நடுவர் ஊழலுக்குப் பின் வந்த புதிய மதிப்பீட்டு முறை, இத்தகைய கடினமான நிலைகளுக்குத் தனி மதிப்பளித்ததால், ஒருவரின் தனித்திறனாக இருந்தது சிறுமியர் பலரும் பயில வேண்டிய பாடமாயிற்று.

வளரும் முதுகெலும்பை இவ்வளவு வளைப்பதும், முதிராத மூட்டுகளின் மீது ஓயாமல் தாவச் செய்வதும் எந்தப் பதக்கத்தாலும் நியாயப்படுத்தக்கூடியவை அல்ல. பன்னாட்டுச் சறுக்குச் சங்கம், முதுநிலைப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த 2022இல் முடிவெடுத்தது. காலம் கடந்து வந்தாலும், அது சரியான முடிவே.