திருமணம் மீறிய உறவு குற்றமில்லை... அப்போ விவாகரத்து வழக்கில் என்ன ஆகும்?

"அதெல்லாம் தப்பே இல்லைனு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சே" என்று பலரும் பேசுகிறார்கள். பாதிதான் சரி. அந்த ஆண்டு செப்டம்பர் 27-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு ரத்தானது; ஜெயில் கிடையாது, அவ்வளவுதான். இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு அப்படியே இருக்கு. திருமணத்துக்குப் பிறகு வேறொருவருடன் விரும்பி ஒருமுறை உடலுறவு வைத்திருந்தாலும் கணவனோ மனைவியோ விவாகரத்து கேட்கலாம். தெரிந்தும் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தக் காரணம் எடுபடாது.

பெரிய சண்டை ஜீவனாம்சத்தில்தான். பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144-வது பிரிவின்படி, வேறொருவருடன் உறவில் 'வாழ்ந்துவரும்' மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. இந்தச் சொல்லைக் கவனிக்கணும். எப்போதோ நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டி கணவர் கைவிரிக்க முடியாது என்று ஐகோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தர வேண்டிய தொகை தனி. அதில் கைவைக்க முடியாது.

சரி, ஆதாரம்? நேரில் பார்த்த சாட்சி அநேகமாக இருக்காது. சூழ்நிலை ஆதாரங்களை வைத்தே கோர்ட் முடிவெடுக்கும். துணைக்குத் தெரியாமல் பதிவுசெய்த போன் பேச்சையும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.