வோல்ட் ஒத்துப்போகணும், வாட்ஸ் குறையக் கூடாது: லேப்டாப் சார்ஜரின் கதை

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "என் லேப்டாப்போட வந்த 65 வாட்ஸ் சார்ஜர் கெட்டுப்போச்சு. வீட்டுல 90 வாட்ஸ் ஒண்ணு சும்மா கிடக்கு. போட்டா லேப்டாப் எரிஞ்சிடுமா?"

சின்னக் கேள்விதான். ஆனால் தப்பாகப் பதில் சொன்னால் ஒருவருடைய லேப்டாப் போய்விடும். அதனால் கொஞ்சம் பின்னாடி போய் வருவோம்.

1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு செல் முழுதாக ஏறினால் சுமார் 4.2 வோல்ட். லேப்டாப்பில் நான்கு செல்லை வரிசையாக இணைத்தால் 16.8 வோல்ட். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே பாயும்? சார்ஜரும் பேட்டரியைவிட உயரத்தில் நிற்க வேண்டும். 19, 19.5, 20 என்று பல சார்ஜர்களில் பார்க்கிறோமே, அது இதனால்தான்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே வோல்ட் கிடையாது. திங்க்பேட் லேப்டாப்கள் பல வருஷம் 16 வோல்ட்டில் ஓடின. 2006-ல் வந்த டி60 மாடல் 20 வோல்ட்டுக்கு மாறியது. கூடவே பின்னின் அளவையும் பெரிதாக்கினார்கள். பழையதும் புதியதும் மாறிப்போக வழியில்லை. எல்லா கம்பெனியும் இப்படிச் செய்யவில்லை. பின் சரியாக நுழையும், வோல்ட் வேறாக இருக்கும். லேப்டாப் எரிவது பெரும்பாலும் அங்கேதான்.

அப்போ வாட்ஸ்? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது. 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட்ஸ். அது சார்ஜர் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. அதில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது லேப்டாப். அதனால் அதிகம் இருந்தால் ஆபத்தில்லை. குறைந்தால்தான் தொல்லை: சார்ஜர் சுடும், சார்ஜ் மெதுவாக ஏறும், சில சமயம் ஏறவே ஏறாது.

டெல் இதற்கு ஒரு வழி செய்தது. சார்ஜருக்குள் சின்னச் சிப் ஒன்று. பின்னின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி வழியாக "நான் 65", "நான் 90" என்று அது லேப்டாப்புக்குச் சொல்லும். அந்த ஊசி வளைந்துவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் வேகம் குறையும், பேட்டரி ஏறாது. பேட்டரி செத்துப்போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கினவங்களும் உண்டு.

இந்தப் பேச்சுவார்த்தையை முழுமையாக்கியது யுஎஸ்பி. 1996-ல் அது கொடுத்தது வெறும் 2.5 வாட்ஸ். 2012-ல் வந்த பவர் டெலிவரி விதிமுறை அதை 100 ஆக்கியது, 2021-ல் 240. டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட்டில் தொடங்கும், தன்னால் முடிந்ததைப் பட்டியல் போடும், லேப்டாப் தேர்ந்தெடுக்கும். வோல்ட் பார்க்கும் வேலையைச் சிப்பே எடுத்துக்கொண்டது.

அப்போ கவலை இல்லையா? கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-ல் டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதிக்க ஆரம்பித்தார். 2016-ல் உள்ளே கம்பி மாற்றி இணைத்த ஒரு மலிவான கேபிள் அவருடைய குரோம்புக் பிக்ஸலையே நாசமாக்கியது. சிப் எவ்வளவு நல்லா பேசினாலும், நடுவுல இருக்கிற கேபிள் சரியா இருக்கணும்.

சரி, நேயருக்குப் பதில். இரண்டு சார்ஜரின் அடியிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்க. வோல்ட் ஒன்றா? பின்னும், பிளஸ் மைனஸ் படமும் ஒன்றா? அப்படியென்றால் 90 வாட்ஸைத் தாராளமாகப் போடலாம். டைப்-சி என்றால் வாட்ஸ் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60-க்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிளாக வாங்குங்கள்.

லேபிளில் எழுத்து பொடிப்பொடியாகத்தான் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.