மகேந்திரவர்மனும் காஞ்சி மதுக்கடையும்

காஞ்சிபுரம் என்றாலே பட்டும் கோயிலும்தான். ஆனால் 7-ஆம் நூற்றாண்டுக் காஞ்சியின் மதுக்கடையைப் பற்றி எழுதியவர் யார் தெரியுமா? அந்நாட்டு அரசர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவரே! அவர் வடமொழியில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருக்களில்தான் நடக்கிறது.

சத்தியசோமன் என்ற காபாலிகனும் துணைவி தேவசோமையும் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறார்கள். வழியில் தெரியும் மதுக்கடை அவன் கண்ணுக்கு வேள்விச்சாலையாகத் தெரிகிறது! அங்கேதான் பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணோம் என்பது புரிகிறது. பழி, அவ்வழியே வந்த புத்த பிட்சு நாகசேனன் மேல் விழுகிறது. அந்தப் பிட்சுவோ, 'புத்தர் மதுவை விலக்கியிருக்கவே மாட்டார், கிழவர்கள்தான் அதை நூலிலிருந்து எடுத்திருப்பார்கள்' என்று நினைப்பவர். பாசுபதர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வந்தும் வழக்கு தீரவில்லை. கடைசியில் அது ஒரு பைத்தியக்காரனிடம் கிடைக்கிறது. தூக்கிப்போனது பிட்சு அல்ல, நாய்!

மண்டகப்பட்டில் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் குடைவரைக் கோயில் எடுத்தவர் இந்த மகேந்திரர். சைவத் துறவி, புத்தத் துறவி என்று பாராமல் எல்லோருடைய போலித்தனத்தையும் கேலி செய்தவரும் அவரே. 'மத்தவிலாசன்' என்பது அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று!

காஞ்சியில் இன்று காபாலிகர் இல்லை, அன்றைய பௌத்த விகாரைகளும் இல்லை. நாடகம் மட்டும் கேரளக் கோயில்களில் சாக்கியார்களின் நடிப்பில் பிழைத்தது. 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. பக்தியும் கேலியும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.