சுருள்முடியும் சொடுகும்

வரலாறு என்றவுடன் முடிசூடிய மன்னரும் அவர்தம் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. தலையில் இயல்பாக முளைக்கும் முடிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. தலையில் எழும் அரிப்பும், தோளிற் சொரியும் வெண்செதிளுமே அது. தமிழகத்தார் இதனைப் பொடுகு என்பர். நம் பகுதியிலே சொடுகு என்போம். இந்நோய் எவர் தலைக்கும் வரக்கூடியது. ஆயினும், ஒரு மக்களினத்தின் வாழ்விலே அது அடிமைத்தளையோடும் வறுமையோடும் தன்மானத்தோடும் பிணைந்து கிடந்தது. ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் ஆபிரிக்க வழிவந்த கறுப்பின மக்களே அவர்கள்.

முதலில் அம்மக்களுடைய முடியின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். மயிர்க்கால்களை அடுத்துத் தோலிலே சிறு நெய்ச்சுரப்பிகள் உள்ளன. அவை கசியும் நெய், நேரான மயிரிலே வேரிலிருந்து நுனிவரை எளிதிற் பரவும். கம்பிச்சுருள்போல நெருக்கமாகச் சுருண்டு வளரும் முடியிலோ, ஒவ்வொரு வளைவிலும் அது தடைப்படும். ஆகவே நுனி வறண்டு முறியும். நெய்யோ வேரடியிலேயே தங்கும். நாள்தோறும் கழுவினால் முடி மேலும் வறளும். கழுவாதே விட்டால், தலைத்தோலிலே நெய்யும் அழுக்கும் செதிளும் தேங்கும். இவ்விரு தீங்குகளுக்கும் நடுவே வழி காண்பதுதான் சுருள்முடி பேணும் கலை.

மேற்கு ஆபிரிக்க மக்கள் அக்கலையை நன்கு அறிந்திருந்தனர். ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெய் முடியின் வறட்சியைப் போக்கிற்று. வாழைத்தோலின் சாம்பலையும் எண்ணெய்ப்பனையின் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய கருநிறச் சவர்க்காரம் அழுக்கைக் கழுவிற்று. இடைவெளி அகன்ற நீண்ட பற்களையுடைய மரச்சீப்புகளை அவர்கள் செதுக்கினர். பின்னலின் அமைப்பைக் கொண்டே ஒருவருடைய குலத்தையும் மணநிலையையும் சமூக நிலையையும் அறியக்கூடிய இடங்கள் பல இருந்தன. பல மணி நேரம் எடுக்கும் அவ்வேலை, உற்றார் கூடியிருந்து பேசி மகிழும் பொழுதாகவும் அமைந்தது.

அடிமை வாணிகம் இவற்றையெல்லாம் அறுத்தெறிந்தது. பிடிக்கப்பட்டோர் பலருடைய தலைகள் மழிக்கப்பட்டன. நோய் பரவாமற் காப்பதற்கு என்று வணிகர் காரணம் கூறினர். மழிக்கப்பட்டவருக்கோ, அது தம் ஊரையும் குலத்தையும் தலையிலிருந்து துடைத்தெறிந்த செயலாகவே இருந்தது. அமெரிக்கத் தோட்டங்களிலே மழித்த முடி மீண்டும் வளர்ந்தது. ஆனால் அதனைப் பேணும் பொருள்களும் பொழுதும் மீளவில்லை. விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை வயலில் வேலை. கிழமையில் ஓய்வென்று கிடைத்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. ஆட்டுமயிரைச் சிக்கெடுக்கும் கம்பிப்பற் கருவி சீப்பாயிற்று, பன்றிக்கொழுப்பு எண்ணெயாயிற்று. கிழமை முழுவதும் நூலாலோ துணிக்கீற்றாலோ சுற்றிக் கட்டிய முடியை ஞாயிறன்று மட்டும் அவிழ்த்து வாரியதை, முன்னாள் அடிமைகள் தம் முதுமையிலே நினைவுகூர்ந்தனர். 1936 முதல் 1938 வரை அரசாங்கத்தின் முயற்சியால் எழுதிவைக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குமூலங்களிலே இத்தகைய செய்திகளைக் காணலாம். தலைத்துணி வெயிலைத் தடுத்தது. அதனடியிலே அரிப்பும் புண்ணும் படையும் மறைந்து கிடந்தன.

அத்தலைத்துணியும் ஒரு காலத்தில் சட்டமாயிற்று. 1786 ஆம் ஆண்டிலே, ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்தெபான் மிரோ, கறுப்பினப் பெண்கள் தம் கூந்தலை அணிசெய்து காட்டலாகாது, துணியால் மூடிக் கட்டுதல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அடிமை நீங்கிய பெண்களும் அதற்கு உட்பட்டனர். அவர்களோ, பல நிறத் துணிகளை எழிலுறக் கட்டி, இழிவுக்கென விதிக்கப்பட்டதையே அணிகலனாக்கிக்கொண்டனர்.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்கும் ஒரு பெண்மணியிடம் வருவோம். 1867 டிசெம்பர் 23 ஆம் நாள், லூசியானாவிலுள்ள டெல்ரா என்னும் சிற்றூரிலே சாரா பிரீட்லவ் பிறந்தார். பெற்றோர் எந்தத் தோட்டத்திலே அடிமைகளாக உழைத்தனரோ, அத்தோட்டத்திலேயே அவர் பிறந்தார். ஆனால் அடிமையாகப் பிறக்கவில்லை. ஏழு வயதிலே தாய் தந்தை இருவரையும் இழந்தார். பதினான்கு வயதில் மணம். இருபது வயதிற் கைம்மை. கையில் ஒரு பெண்குழந்தையோடு சென் லூயிஸ் நகரை அடைந்து, பிறர் ஆடைகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார். நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை டொலர் கூலி.

அக்காலத்திலே அவருக்குத் தலைத்தோலில் நோய் கண்டது. அரிப்பும் செதிளும் மிகுந்து, முடி கொத்தாக உதிரலாயிற்று. காரணத்தைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. வீட்டினுள்ளே குழாய்நீர் இல்லாத குடும்பங்களே அந்நாளில் மிகுதி. தலைகழுவுதல் எப்போதாவது நிகழ்வது. கழுவுங்காலும் காரம் மிகுந்த சவர்க்காரமே கிடைத்தது. அது தோலைப் புண்ணாக்கிற்று. பொழுது முழுவதும் தண்ணீர்த் தொட்டியின் முன் நின்று ஊரார் அழுக்கை வெளுத்தவருக்கு, தம் தலையைக் கழுவப் போதிய நீரும் ஓய்வும் வாய்க்கவில்லை.

அந்நகரிலே அன்னி டேர்ன்போ என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணி, தலைத்தோலைப் பேணும் மருந்துகளைச் செய்து விற்று வந்தார். அவருடைய முகவர்களுள் ஒருவராகச் சேர்ந்த சாரா, 1905 ஆம் ஆண்டு டென்வர் நகருக்குச் சென்று, பின்னர் தாமே மருந்து செய்யத் தொடங்கினார். 1906 ஆம் ஆண்டு சார்ள்ஸ் ஜோசப் வோக்கர் என்பவரை மணந்து, மடம் சி. ஜே. வோக்கர் என்ற பெயராற் புகழ்பெற்றார். அவருடைய களிம்பிலே கந்தகமும் பெற்றோலிய மெழுகும் கலந்திருந்தன. கந்தகம் தோல்நோய்க்கு உதவுவது பழங்காலந்தொட்டே அறியப்பட்டது. ஆகவே அதில் மந்திரம் எதுவுமில்லை. தலையை ஒழுங்காகக் கழுவுங்கள், அதன் பின்னரே களிம்பைப் பூசுங்கள் என்று வீடுவீடாகச் சென்று கற்பித்த முறையே அவருடைய பெருஞ்சிறப்பு எனலாம்.

1910 ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் நகரிலே அவர் தொழிற்சாலை நிறுவினார். பிறர் வீட்டுச் சமையலுக்கும் சலவைக்கும் அப்பால் வேறு தொழில் அறியாதிருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய முகவர்களாயினர். 1917 ஆம் ஆண்டு பிலடெல்பியாவிலே அவர்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாநாடு கூடினர். விற்பனையைப் பற்றிப் பேசியதோடு அவர்கள் அமையவில்லை. கறுப்பின மக்கள்மீது நிகழ்ந்த கொலைவெறியைக் கண்டித்து, அமெரிக்க அதிபர் வில்சனுக்குத் தந்தியும் அனுப்பினர். தலைச்செதிளிலே தொடங்கிய முயற்சி மனித உரிமைக் குரலாக வளர்ந்தது. 1919 மே 25 ஆம் நாள், தமது 51 ஆம் வயதிலே வோக்கர் அம்மையார் காலமானார்.

ஆயினும் இக்கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அவருடைய முறையிலே சூடேற்றிய சீப்பும் இடம்பெற்றது. முடியை நேராக்குபவர் என்ற பெயரை அம்மையார் விரும்பவில்லை. தலைத்தோலைக் குணமாக்கி முடியை வளர்ப்பதே தம் தொழில் என்றார். உலகமோ சீப்பையே நினைவில் வைத்தது. நேரான முடி உடையவருக்கே நல்ல வேலையும் மதிப்பும் எளிதிற் கிட்டிய சமுதாயத்தில், அது வியப்பன்று. பின்னர்ச் சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற கடுங்காரங் கொண்டு முடியை நேராக்கும் குழம்புகள் பரவின. அவை தோலிலே பட்டவிடத்து எரிந்து புண்ணாக்கின. நோயைத் தீர்க்கப் புறப்பட்ட தொழிலின் வழியே, தலைத்தோலுக்குப் புதிய நோயும் வந்து சேர்ந்தது.

இதற்கிடையே அறிவியலறிஞர் செதிளின் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1874 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் லூயி சார்ள் மலசே, தலைச்செதிளிலே ஒரு நுண்பூஞ்சையைக் கண்டு விளக்கினார். அஃது இன்று அவர் பெயராலேயே மலசீசியா எனப்படுகிறது. இப்பூஞ்சை ஏறத்தாழ எல்லோர் தலையிலும் வாழ்கிறது. தோலில் ஊறும் நெய்யே அதன் உணவு. நெய்யை அது சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. உறுத்தப்பட்ட தோல், முதிராத கலங்களை விரைந்து உதிர்க்கிறது. அரிப்பும் செதிளும் அதன் விளைவு. இப்பூஞ்சையை அடக்கும் துத்தநாகப் பைரிதியோன் கலந்த ஷாம்பூ 1961 ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

நேயர்களே, இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். செதிளைக் கண்டவுடன் அது வறட்சி என்று கருதி, மேலும் எண்ணெயையும் களிம்பையும் தலைத்தோலில் அப்புதல் அம்மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். எண்ணெய் செதிளை ஒட்டவைத்துக் கண்ணுக்கு மறைக்கும். ஆதலால் நோய் தணிந்தது போலத் தோன்றும். உண்மையிலோ அது பூஞ்சைக்கு இட்ட விருந்தாகவும் முடியும். முடியின் நுனிக்கு நெய்ப்பசை வேண்டும். தலைத்தோலுக்குத் தூய்மை வேண்டும். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்கு இடுதலாகாது.

1960 களிலே, குடியுரிமைப் போராட்டத்தின் நடுவே, கறுப்பின இளைஞர் பலர் தம் முடியை நேராக்காது இயல்பாகவே வளரவிட்டனர். பின்னர் அவ்வழக்கம் தளர்ந்து, 2000 ஆம் ஆண்டின் பின் மீண்டும் தழைத்தது. 2019 ஜூலையில் கலிபோர்னியா மாநிலம், இயல்பான முடியையும் அதற்குரிய பின்னல்களையும் காரணங்காட்டி எவரையும் வேலைத்தலத்திலோ பாடசாலையிலோ ஒதுக்கலாகாது என முதன்முதலாகச் சட்டம் இயற்றிற்று. பிற மாநிலங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. 1786 இன் ஆணைக்கு 233 ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழி அது எனலாம்.

முடியை இயல்பாக விட்டோருக்கும் சொடுகு வராமலில்லை. அவர்களுக்குத் தோல்நோய் மருத்துவர் கூறும் வழி எளியது. கிழமைக்கு ஒரு முறையோ இரு கிழமைக்கு ஒரு முறையோ தலைகழுவுதல். சொடுகு இருப்பின் கிழமைக்கொருமுறை மருந்து ஷாம்பூவைத் தலைத்தோலிலே தேய்த்துச் சில நிமிடம் விட்டு அலசுதல். பின்னர் முடியின் நீளத்துக்கு மட்டும் மென்மையூட்டும் பூச்சிடுதல். நகத்தாலும் சீப்பாலும் சுரண்டாதிருத்தல். முடி வட்டமாக உதிர்ந்தாலும், சீழ் கண்டாலும், மருத்துவரை நாடுதல் வேண்டும். குழந்தைகளின் தலையிற் காணும் படர்தாமரைக்கு உட்கொள்ளும் மருந்து தேவைப்படும். ஷாம்பூ மட்டும் போதாது.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஒழுக்கப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். காலைப் பிரார்த்தனையின்போது, மிகச் சுருண்ட கூந்தலையுடைய மாணவி ஒருத்தியின் கழுத்துப்பட்டியிலே வெண்செதிள் சிதறிக் கிடக்கக் கண்டேன். "நன்றாக எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி வா" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவளும் அவ்வாறே செய்தாள். செதிள் குறையவில்லை; அரிப்பு மிகுந்தது. உடனிருந்தோர் வாங்கிலே விலகி அமரலாயினர். ஒரு நாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மம்மா வந்தார்.

"ஐயா, எண்ணெய்க்கு எங்கட வீட்டில குறையில்லை. கிணறு உவராய்ப் போச்சுது. பிள்ளைக்கு முழுக வார்க்கத்தான் நல்ல தண்ணியில்லை" என்றார் அவர்.

நான் மறுமொழி கூற இயலாது நின்றேன். நம் முன்னோர் எண்ணெய் முழுக்கு என்றபோது, எண்ணெயை மட்டுமா சொன்னார்கள்? சீயக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்த அரப்பையும், அதனைக் கழுவிவிடும் நிறைந்த நீரையும் அல்லவா சேர்த்துச் சொன்னார்கள்! பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அப்பிள்ளையைக் குற்றவாளியாக்கியவன் நான்.

பின்னர் அவள் பாடசாலைக்கு மீண்டாள். பாடசாலைத் தொட்டிக்கு வரும் நன்னீரிலே, கிழமையில் ஒரு நாள் விரும்பிய மாணவியர் தலைகழுவ ஆசிரியை ஒருவர் ஒழுங்கு செய்தார். சில மாதங்களில் அவள் தலை தேறிற்று. என் கடுஞ்சொல்லை அவள் மறந்தாளோ இல்லையோ, நான் அறியேன்.

இன்று ஒரு பாடசாலையின் அதிபராக இருக்கிறேன். பிள்ளையின் தலையிலே செதிளைக் கண்டால், எண்ணெய் வைத்தாயா என்று நான் கேட்பதில்லை. அவளைத் தனியே அழைத்து, வீட்டிலே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறேன்.