பம்பாயும் தமிழ்த் திரை உரையாடலும்

தமிழின் முதற் பேசும்படம் எனப்பெறும் 'காளிதாஸ்' (1931) பம்பாய் இம்பீரியல் நிறுவனத்தில் உருவாயிற்று. நாயகி டி.பி. இராஜலட்சுமி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் உரையாடினர். ஒருவர் எழுதி ஒழுங்குசெய்யும் உரையாடல் என்னும் கருத்து அன்று வேரூன்றவில்லை என்பது இதனாற் புலனாகும். எழுத்தாளருக்குரிய சிறப்பு பாடலாசிரியருக்கே வாய்த்தது. நாடக மேடையிற் பெயர்பெற்ற மதுரகவி பாஸ்கரதாசின் பாடல்கள் படத்தில் ஒலித்தன. காளிதாசன் கதைக்கும் இராட்டைப் பாட்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்பது வீண். மேடை மரபு அத்தகையது.

1934இல் சென்னையிலேயே பேசும்படக் கூடம் அமைந்தபின் பம்பாய்ப் பயணத்தின் தேவை குறையலாயிற்று. 1987இல் 'நாயகன்' தாராவித் தமிழரைக் கதைப்பொருளாக்கிற்று, உரையாடல் பாலகுமாரனுடையது. தாராவியோ சென்னையில் அரங்கமாக எழுப்பப்பெற்றது. முன்னதில் மொழிக்கலப்பு சூழலால் நேர்ந்தது. பின்னதில் வேலு நாயக்கர் இந்தி அறியாதவர் என்பதே எழுதி வகுத்த பாத்திரப் பண்பு.