செஸ் போர்டு விலை கம்மிதான்: சென்னை சாம்பியன்களுக்கு யார் செலவு பண்ணாங்க?

பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை பக்கம் இருந்து கேட்கிறவங்களுக்கு இன்னிக்கு எபிசோட் கிட்டத்தட்ட பக்கத்துத் தெருக் கதை. அங்கேயிருந்து மேல் அயனம்பாக்கத்துக்கு பைக்லயே போயிடலாம். அங்கே இருக்கிற வேலம்மாள் வித்யாலயாவுல படிச்ச பையன்தான் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்னிக்கு சிங்கப்பூர்ல டிங் லிரனைத் தோற்கடிச்சு, 18 வயசுல உலக செஸ் சாம்பியன் ஆனார். அப்படியே கிழக்கே போனா பாடி. அங்கே வளர்ந்த அக்கா தம்பிதான் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும். ஒரே வீட்டுல பிறந்த அக்கா, தம்பி ரெண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்துலயே இதுதான் முதல் தடவை.

இந்தக் கதையை நாம எப்பவும் திறமையோட கதையாத்தான் கேட்டிருக்கோம். இன்னிக்கு வேற ஒரு கேள்வி. இதுக்கெல்லாம் காசு யார் போட்டாங்க?

"செஸ்ஸுக்கு என்னங்க செலவு, ஒரு போர்டு, 32 காய், அவ்வளவுதானே"ன்னு தோணும். டென்னிஸ், நீச்சல் மாதிரி கோர்ட் வேண்டாம், குளம் வேண்டாம். ("செஸ் ஒரு விளையாட்டான்னு" கேட்கிறவங்களுக்கு: இந்திய அரசு 1961லயே மானுவல் ஆரோனுக்கு அர்ஜுனா விருது கொடுத்து அந்தக் கேள்வியை முடிச்சிடுச்சு.) ஆனா செஸ்ல செலவு போர்டுல இல்லை, ஃப்ளைட் டிக்கெட்ல இருக்கு. அதுக்குக் காரணம் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தோட விதிமுறை.

கிராண்ட்மாஸ்டர் ஆக ரேட்டிங் ஒரு தடவையாவது 2500-ஐத் தொடணும். அது போதாது. பொதுவா மூணு 'நார்ம்' வேணும். ஒரு நார்ம்னா, கிட்டத்தட்ட 9 ஆட்டம் இருக்கிற ஒரு போட்டியில 2600 ரேட்டிங் ஆள் மாதிரி விளையாடிக் காட்டணும். எதிர்ல உட்கார்றவங்கள்ல குறைஞ்சது மூணு பேர் கிராண்ட்மாஸ்டரா இருக்கணும், வெளிநாட்டு ஆட்களும் இருக்கணும். அதாவது அம்பத்தூர்ல இருக்கிற எல்லாரையும் ஜெயிச்சாலும் நீங்க கிராண்ட்மாஸ்டர் ஆக முடியாது. எதிராளியைத் தேடிப் போகணும்.

இந்தியாவுல டெல்லி, சென்னை, புவனேஸ்வர்னு சில பெரிய ஓபன் போட்டிகள் நடக்கும். மத்தபடி ஐரோப்பாதான். புடாபெஸ்ட்ல மாசத்தோட முதல் சனிக்கிழமை ஆரம்பிக்கிற ஒரு போட்டி பல வருஷமா நார்ம் தேடி வர்றவங்களுக்காகவே நடந்தது. இந்த மாதிரி இடங்கள்ல பட்டம் வச்சிருக்கிறவருக்கு ரூம் கொடுப்பாங்க, நுழைவுக் கட்டணம் இருக்காது. பட்டம் தேடி வந்த பையன்தான் காசு கட்டணும். பல ஓபன் போட்டிகள்ல ரேட்டிங் குறைய குறையக் கட்டணம் ஏறும். மேல இருக்கிறவங்க விளையாடுற செலவுல ஒரு பங்கைக் கீழ இருக்கிற குழந்தைங்களோட அப்பா அம்மாதான் கட்டுறாங்க. இதை யாரும் ஒளிச்சு வைக்கலை, எல்லா நோட்டீஸ்லயும் அச்சடிச்சே இருக்கும்.

இப்போ பாடி வீட்டுக்கு வருவோம். அப்பா ரமேஷ்பாபு, தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியில வேலை. அம்மா நாகலட்சுமி. சின்ன வயசுல வைஷாலி டிவி அதிகமா பார்க்கிறாங்கன்னு அவங்களை செஸ் கிளாஸ்ல சேர்த்தாங்க. அப்புறம் தம்பியும் போர்டு பக்கம் வந்தப்போ ரமேஷ்பாபுவுக்குத் தயக்கம். ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவே அதிகமா இருக்கு, இன்னொரு பிள்ளையையும் இதுல இறக்க வேண்டாம்னுதான் முதல்ல நினைச்சதா அவரே பேட்டியில சொல்லியிருக்கார். இந்த ஒரு விஷயத்துல கொஞ்சம் நில்லுங்க. உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரைக்கும் போன ஒருத்தர், காசு பத்தாதுங்கிற ஒரே காரணத்தால செஸ்ஸுக்கே வராம போயிருக்கலாம். திறமை இருக்கா இல்லையாங்கிற கேள்வி வர்றதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சிருக்கும்.

ஆனா தம்பியைத் தடுக்க முடியலை. 2013-ல எட்டு வயசுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம். 2015-ல கிரீஸ்ல ஒரே போட்டியில அவருக்குப் பத்து வயசுப் பிரிவுல தங்கம், அக்காவுக்குப் பதினாலு வயசுப் பெண்கள் பிரிவுல தங்கம். கேட்க நல்லா இருக்கு. ஆனா சின்னப் பசங்க உலகப் போட்டியில கிடைக்கிறது பதக்கமும் கோப்பையும், டிக்கெட் காசைத் திருப்பித் தர்ற அளவுக்குப் பரிசுப் பணம் இல்லை. பல நேரம் கூட வர்ற பெற்றோரோட தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் நம்ம கைக்காசுதான்.

பிரக்ஞானந்தா கிராண்ட்மாஸ்டர் நார்ம் எடுத்த ஊர்களைப் பாருங்க. முதலாவது 2017 கடைசியில இத்தாலியோட டர்விசியோ. ரெண்டாவது 2018 ஏப்ரல்ல கிரீஸோட ஹெராக்லியான். மூணாவது 2018 ஜூன்ல மறுபடி இத்தாலி, ஓர்டிசெய்ங்கிற மலையூர். மூணுமே ஐரோப்பா. பையனுக்கு அப்போ 12 வயசு, தனியா அனுப்ப முடியாது. அதனால டிக்கெட் ரெண்டு, விசா ரெண்டு. அப்பாவுக்குப் போலியோ பாதிப்பு இருக்கு, வங்கி வேலையும் இருக்கு. அதனால கூடப் போனது பெரும்பாலும் அம்மா.

2023 ஆகஸ்ட்ல பாகூவுல நடந்த உலகக் கோப்பையப்போ, மகனை ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்த நாகலட்சுமியோட போட்டோ உங்க டைம்லைன்லயும் வந்திருக்கும். வெளிநாடு போறப்போ இண்டக்‌ஷன் அடுப்பும் ரெண்டு பாத்திரமும் எடுத்துட்டுப் போய் ரசம் வச்சுக் கொடுப்பாங்கன்னு செய்தி வந்தது. எல்லாரும் "அம்மா பாசம்"னு ஸ்டேட்டஸ் போட்டோம். பாசம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அது ஒரு வேலையும்கூட. மேனேஜர், சமையல்காரர், பாதுகாவலர் மூணு பேரோட வேலை, சம்பளம் இல்லாம. குடும்பத்தோட செலவுக் கணக்குல இது எந்தக் காலத்துலயும் எழுதப்படாது.

இது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. பாபி ஃபிஷரோட அம்மா ரெஜினா, தனியாளா பிள்ளைகளை வளர்த்தவங்க. மகனோட செஸ்ஸுக்காக ஊரெல்லாம் காசு கேட்டு அலைஞ்சாங்க. 1960-ல கிழக்கு ஜெர்மனியில நடக்கப் போற ஒலிம்பியாடுக்கு அமெரிக்க அணியை அனுப்ப உதவணும்னு வெள்ளை மாளிகை முன்னாடி அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதே காலத்துல சோவியத் யூனியன்ல கதையே வேற. அங்கே கோச், புத்தகம், பயணம் எல்லாமே அரசாங்கச் செலவு.

அந்த சோவியத் காசுல ஒரு துளி மெட்ராஸுக்கும் வந்தது. 1972-ல இங்கே இருந்த சோவியத் கலாச்சார மையத்துல மிகைல் டால் பேர்ல ஒரு செஸ் கிளப் தொடங்கினாங்க. இந்தியாவோட முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் அதை வழிநடத்தினார். அம்மா சுசீலாகிட்ட செஸ் கத்துக்கிட்ட விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனா வந்து வேக ஆட்டம் ஆடிப் பழகினது அங்கேதான். ஒரு வெளிநாட்டு அரசாங்கம் வாடகை கட்டின இடத்துல நம்ம ஊர் செஸ் வளர்ந்ததுன்னு சொன்னா அது மிகை இல்லை.

ஆனந்துக்கே முதல் ஸ்பான்சர் யார் தெரியுமா? பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். 1983-ல தேசிய அணிகள் போட்டிக்கு ஆனந்த் இருந்த சென்னை கோல்ட்ஸ் அணியோட செலவை அவர் ஏத்துக்கிட்டார். எஸ்.பி.பி. மறைஞ்ச 2020-ல ஆனந்தே இதை எழுதினார். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு பாடகருக்கு செஸ் பிடிச்சிருந்ததுங்கிற தற்செயல்லதான் ஒரு அணி ரயில் ஏறியிருக்கு.

1988-ல ஆனந்த் இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுக்கப்புறம் பொதுத்துறை வேலைகள் பலருக்குக் கைகொடுத்தது. இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, ஏர் இந்தியா எல்லாம் செஸ் வீரர்களுக்கு வேலை கொடுத்தாங்க. ஆனா வேலை கிடைக்க முதல்ல ஜெயிச்சிருக்கணும். ஜெயிக்கிற வரைக்கும் வீடுதான். ஆந்திராவுல கோனேரு ஹம்பியோட அப்பா அசோக், மகளுக்குப் பயிற்சி கொடுக்கறதுக்காகக் கல்லூரி விரிவுரையாளர் வேலையையே விட்டார். பயிற்சியாளர் பக்கமும் இதே கதை: பிரக்ஞானந்தாவோட கோச் ஆர்.பி. ரமேஷ் இந்தியன் ஆயில் வேலையை விட்டுட்டுத்தான் 2008-ல முழுநேரமா சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார்.

குகேஷ் வீட்டுலயும் இப்படி ஒரு நாள் வந்தது. அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை சர்ஜன், அம்மா பத்மகுமாரி மைக்ரோபயாலஜிஸ்ட். ரெண்டு டாக்டர் சம்பளம் இருக்கிற வீடு, வசதிதானேன்னு தோணும். 2017-18ல மகனோட போட்டிகளுக்குக் கூடப் போறதுக்காக அப்பா பிராக்டீஸை நிறுத்தினார். அந்த நிமிஷமே ரெண்டு சம்பளம் ஒண்ணாச்சு, செலவு பல மடங்காச்சு. பையனும் நாலாம் வகுப்புக்கு மேல முழுநேரம் பள்ளிக்கூடம் போகலை. 2018 மார்ச்ல பிரான்ஸ்ல சர்வதேச மாஸ்டர். 2019 ஜனவரியில டெல்லியில கிராண்ட்மாஸ்டர், 12 வயசு 7 மாசம் 17 நாள். அப்போ உலக சாதனை வச்சிருந்த கர்யாகினைவிட வெறும் 17 நாள் லேட். அந்த அவசரம்தான் பயணங்களை அடுக்கடுக்கா ஆக்கினது.

அந்த ஒன்றரை வருஷத்துல கைக்காசு தீர்ந்து, அப்பா அம்மாவோட நண்பர்கள்தான் செலவைப் பகிர்ந்துக்கிட்டாங்கன்னு உலக சாம்பியன் ஆனப்புறம் குகேஷ் சொன்னார். அந்த நண்பர்கள் பேர் நமக்குத் தெரியாது. சிங்கப்பூர்ல அவருக்குக் கிடைச்ச பரிசு சுமார் 13.5 லட்சம் டாலர், நம்ம காசுல 11 கோடிக்கு மேல. தமிழ்நாடு அரசு 5 கோடி அறிவிச்சது. இதுல ஒரு சின்னப் பங்கு 2017-ல யாராவது கொடுத்திருந்தா அந்த வீட்டுல எவ்வளவு ராத்திரித் தூக்கம் மிச்சமாயிருக்கும்!

அரசால முடியாதுன்னு இல்லை. 2022-ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடத்தினாங்க. 2023 டிசம்பர்ல, கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற நேரம் குறைஞ்சுக்கிட்டே வந்தப்போ, அரசு ஆதரவோட சென்னையிலேயே ஒரு கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி சட்டுன்னு ஏற்பாடாச்சு. அதை குகேஷ்தான் ஜெயிச்சார், அது இல்லைன்னா அவர் கேண்டிடேட்ஸ்க்குப் போறது சந்தேகமா இருந்திருக்கும். பாருங்க, எதிராளிங்களை இங்கே வரவழைச்சா, இங்கே இருக்கிறவங்க டிக்கெட் எடுக்க வேண்டாம். செஸ்ல செலவைக் குறைக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியலை. ஆனா அன்னிக்கு உதவி கிடைச்சது ஏற்கெனவே உலகத்துல முன்வரிசையில இருந்த ஒருத்தருக்கு. எட்டு வயசுல பதக்கத்தோட வந்து நிக்கிற குழந்தைக்கு இன்னும் முதல் ஸ்பான்சர் அப்பாவோட பிஎஃப்-ஓ, அம்மாவோட நகையோதான்.

கடைசியா வைஷாலி. செஸ்ஸுக்கு முதல்ல வந்தது அவங்க. 2012-லயே பன்னிரண்டு வயசுப் பெண்கள் உலகப் பட்டம் ஜெயிச்சாங்க. ஆனா தம்பி 2018-ல கிராண்ட்மாஸ்டர் ஆனார், அவங்க அந்த ரேட்டிங்கைத் தொட்டது 2023 டிசம்பர்ல, ஸ்பெயின்ல. ஏன் அஞ்சு வருஷம் தள்ளிப் போச்சுங்கிறதுக்கு ஆட்டத்துக்குள்ளயே நூறு காரணம் இருக்கலாம். எனக்குத் தோணுற கேள்வி எளிமையானது: ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மாசம் வேற வேற நாட்டுல போட்டி வந்தா, இருக்கிற ஒரே அம்மா யார்கூடப் போவாங்க?

2024 ஏப்ரல்ல டொரண்டோவுல கேண்டிடேட்ஸ் நடந்தது. ஆண்கள் போட்டியும் பெண்கள் போட்டியும் முதல் தடவையா ஒரே இடத்துல. அக்காவும் தம்பியும் ரெண்டு போட்டியிலயும் இருந்தாங்க. பாடி வீட்டுக்கு அந்தத் தடவை ஒரே ஊருக்கு டிக்கெட் எடுத்தா போதுமா இருந்தது.