அலை இல்லாத ஊரிலிருந்து அலை இசை பற்றி...



போன மாதம் நாங்கள் நாலு பேர் அறந்தாங்கியில் பஸ் ஏறி கோட்டைப்பட்டினம் போயிருந்தோம். கடல் பார்க்கப் போன எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெரிய குளம்தான். பாக் நீரிணை ஆழம் குறைவு. பெருங்கடலிலிருந்து வரும் பெரிய அலைகளை இலங்கை மறித்துவிடுகிறது. நம் மாவட்டக் கரையில் பெரும்பாலான நாட்கள் கால் விரல் நனைந்தால் பெரிய விஷயம்.

திரும்பும்போது நண்பன் ஒருவன் மொபைலில் ஒரு கிடார் இசையைப் போட்டான். 'மிஸிர்லூ'. 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) டைட்டிலில் வருமே, அதேதான். வாசித்தவர் டிக் டேல். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடிய பையன்கள் ஆடித் தீர்த்த 'சர்ஃப்' இசை. பாட்டு கிடையாது, வெறும் வாத்தியங்கள்தான். ஆனால் சின்ன வயதில் சரளி வரிசை படித்த என் காதுக்கு வேறு ஒன்று பட்டது. அந்த மெட்டு போகிற ஸ்வரங்கள் அப்படியே மாயாமாளவகௌளை! வீட்டுக்கு வந்து கீபோர்டில் வாசித்தும் பார்த்துவிட்டேன். ராகம் என்று சொன்னால் வித்வான்கள் அடிக்க வருவார்கள், கமகம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்வர வரிசை அதுதான்.

காரணம் தேடிப் போனால் கதை நன்றாக இருக்கிறது. மிஸிர்லூ அமெரிக்கப் பாட்டே இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு, 1927இலேயே கிரேக்க மொழியில் இசைத்தட்டாக வந்துவிட்டது. பெயருக்கு 'எகிப்துக்காரி' என்று பொருள். டிக் டேலின் அப்பா வழி லெபனான். சித்தப்பா முறையில் ஒருவர் ஊது என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர். அந்தக் கை வேகத்தைத்தான் டேல் 1962இல் கிடாரின் ஒற்றைக் கம்பியில் இறக்கினார்.

சர்ஃப் இசையின் அந்த 'ஈரமான' ஒலிக்கு இன்னொரு காரணம் உண்டு. 1961இல் ஃபெண்டர் கம்பெனி ஒரு பெட்டி கொண்டுவந்தது. உள்ளே சுருள் கம்பிகள். கிடார் ஒலி கம்பியின் ஒரு முனையில் அதிர்வாக ஏறி, மறுமுனைக்கு ஓடி, மோதித் திரும்பி, மறுபடி ஓடி... காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் கத்தினால் வருமே, அந்த மாதிரிக் கார்வை. ஆக, கடல் சத்தம் என்று நாம் நினைப்பது ஸ்பிரிங் சத்தம் :-)

இந்த அலை நம் ஆட்கள் பக்கமும் வந்தது, சிங்கப்பூர் வழியாக. எங்கள் தாத்தா ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போய் சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். "வாயே திறக்காம கச்சேரி பண்ணுவானுங்கடா" என்று சொல்வார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

உண்மைதான். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூரில் கச்சேரி செய்தார்கள். ஷேடோஸ் இங்கிலாந்துக்காரர்கள். சர்ஃப் குழு இல்லை, ஆனால் அதே எதிரொலிக் கிடார், அதே வார்த்தையில்லாத மெட்டு. அதன்பிறகு பள்ளிப் பையன்கள் எல்லாம் கிடாரைத் தூக்கிவிட்டார்கள். குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய குழு 'குவெஸ்ட்ஸ்'. பெரும்பாலும் சீனப் பையன்கள். பின்னால் வந்து சேர்ந்த முன்னணி கிடார்காரர் ரெஜி வர்கீஸ். பெயரைக் கேட்டதும் நமக்குக் கேரளம்தான் நினைவுக்கு வரும். இவர்களின் 'ஷாண்டி' 1964இல் வந்தது. சொந்த மெட்டு, வார்த்தை இல்லை. அது சிங்கப்பூர் ஹிட் வரிசையில் பீட்டில்ஸ் பாட்டையே முதலிடத்திலிருந்து கீழே தள்ளியது. அதே வருடம் அமெரிக்காவில் சர்ஃப் இசையை வீட்டுக்கு அனுப்பியதே பீட்டில்ஸ்தான்!

'காப்பி' என்று இந்தக் குழுக்களை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. மிஸிர்லூவை எடுத்த டேல் மட்டும் என்ன, காப்பி இல்லையா? அவரை மன்னன் என்கிறோம், இவர்களை மறந்துவிட்டோம். தமிழில் இவர்களைப் பற்றி எழுதியவர்களையும் நான் அதிகம் பார்க்கவில்லை.

எழுபதுகளில் சிங்கப்பூர் அரசு நீள முடிக்கு எதிராகக் கிளம்பியது. முடி வளர்த்த ஆண்களுக்கு அலுவலகங்களில் கடைசியில்தான் வேலை முடித்துத் தரப்படும் என்று போஸ்டரே ஒட்டினார்கள். இசைக்குழுக்களுக்கும் இடம் சுருங்கியது. வர்கீஸ் மேடையைவிட்டு ரெக்கார்டிங் பக்கம் போய், மற்றவர்களுக்கு இசைத்தட்டு தயாரித்தார். 2015இல் காலமானார்.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்கு யூட்யூபில் ஷாண்டியைப் போட்டுக் காட்டினேன். தெரியவில்லை என்றார். ஆனால் கால் தாளம் போட்டது. முடிந்ததும், "இன்னும் அவன் பாட ஆரம்பிக்கலையா?" என்றார்.